கடற்சிங்கம் படுத்த செருப்பு

ஸொய்லா சுற்றுலாக் கப்பலில் சமையல்காரி. கலாபகோஸ் தீவுகளின் எரிமலைகளையெல்லாம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து முடித்திருந்தாள். கரையில் மட்டும் கால் வைத்ததில்லை. பயணிகள் இறங்கும் நேரம்தானே அடுப்பு எரியும் நேரம்.

அன்றைக்குப் பயணி ஒருவருக்குத் தலைசுற்றல். படகில் ஓர் இடம் காலி. வழிகாட்டி ஹசிந்தோ சமையலறைக்குள் தலையை நீட்டினான். "அக்கா, வர்றீங்களா?"

தேங்காய்ப்பால் மீன் தயாராக இருந்தது. அரிசி ஊறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று அவன் சத்தியம் செய்யாத குறை. ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பார்த்தலோமே தீவில் கறுப்புப் பாறை மேல் உடும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வெயில் காய்ந்தன. அவள் நிழல் மேலே விழுந்தும் ஒன்றுகூட அசையவில்லை. மணலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். எஸ்மெரால்தாஸ் ஆற்றில் நீந்தி வளர்ந்த உடம்பு, மறக்குமா? டென்மார்க்கிலிருந்து வந்த கிழவி ஒருத்தி நீச்சல் கண்ணாடியை இரவல் தந்தாள். முகத்தை அமிழ்த்தியதும் பென்குயின் ஒன்று காதோரம் விர்ரென்று போனது. ஸொய்லா உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

கரையேறிப் பார்த்தால், செருப்பின் மேல் பெரிய கடற்சிங்கம் ஒன்று நல்ல தூக்கத்தில் இருந்தது.

மிருகத்தைத் தொடக்கூடாது, தீவில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது, இரண்டுமே பூங்காச் சட்டம். ஹசிந்தோ தலையில் கை வைத்தான். பயணிகளோ சந்தோஷமாக மறுபடியும் தண்ணீரில் குதித்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. வாக்கி டாக்கியில் கேப்டன் கத்த ஆரம்பித்தார். ஹசிந்தோ சமையல்காரியைக் கடத்திக்கொண்டு போய்விட்டானாம். இஞ்சின்காரன் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறானாம்.

ஸொய்லா வாக்கி டாக்கியைக் கையில் வாங்கினாள்.

"கேப்டன், அரிசி ஊறியிருக்கு. நீங்களே அடுப்பைப் பத்த வைங்க."

"நானா? எனக்குக் கப்பல் ஓட்டத்தான் தெரியும்."

"தண்ணி கொதிச்சதும் அரிசியைப் போடுங்க. கிண்டிக்கிட்டே இருக்காதீங்க. மீனை இளந்தீயில சூடு பண்ணினாப் போதும்."

ஸொய்லா மணலில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பகலில் இப்படிச் சும்மா கிடந்து எத்தனை வருஷமோ.

கடல் ஏறி, அலை வாலை நனைத்த பிறகுதான் கடற்சிங்கம் எழுந்தது. கொட்டாவி விட்டு, யாரையும் சட்டை செய்யாமல் கடலுக்குள் போனது. செருப்பில் அடித்த நாற்றத்தால் படகில் எல்லோரும் மறுகோடிக்கு ஒதுங்கினார்கள்.

கப்பலில் மேசை போட்டிருந்தது. அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வியர்த்து விறுவிறுக்க நின்றார் கேப்டன். சோறு அடிப்பிடித்திருந்தது. அவர் ஸொய்லாவைப் பயணிகளோடு உட்காரவைத்து, முதல் தட்டை அவள் முன் வைத்தார். அந்தக் கப்பலில் இன்னொருவர் பரிமாறி அவள் சாப்பிட்டது அன்றுதான்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"உப்புக் கம்மி" என்று சொல்லிவிட்டு, தட்டை மறுபடியும் நீட்டினாள் ஸொய்லா.