முதல் குரலுக்குத் திரும்பாதவர்

ஸ்ரீரங்கத்திலிருந்து முதுமலைக்குப் போன சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக வந்தவர், சித்திரை வெயிலிலும் மஃப்ளர் சுற்றியிருந்தார். யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் திரும்புவார். திமிர் என்று நினைத்தேன்.

காட்டு செக்போஸ்ட்டில் நானும் அவரும் மட்டும் இறங்கினோம். மூங்கில் புதருக்குள்ளிருந்து, "ஏங்க" என்றது என் மனைவியின் குரல். நான் திரும்புவதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு தடவ கூப்பிடட்டும் சார். அதுங்க ஒரு தடவதான் கூப்பிடும்."

மறுபடி குரல் வரவில்லை. மனைவி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று அவளை லால்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து, "ஏங்க" என்று கேட்டது. நான் திரும்பவில்லை.

சற்றுப் பொறுத்து இரண்டாவது தடவையும் கேட்டது. அதற்கு என்ன செய்வதென்று அந்த மனிதரிடம் நான் கேட்டு வைத்திருக்கவில்லை.