தண்ணீருக்குள் தூது போகாது

அந்த ரப்பர் உடுப்பை என் மச்சாளுக்கு மாட்டிவிட இரண்டு பேர் தேவைப்பட்டது. கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில், கறுத்த மணல் கொண்ட ஒரு கடற்கரையில், காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு பக்கமும், பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மறுபக்கமுமாகப் பிடித்து இழுத்தோம். முழங்காலுக்கு மேலே அது ஏறவே மாட்டேன் என்றது. "இழு பிள்ளை, இழு. அரிசிச் சாக்கெண்டு நினைச்சு இழு" என்றார் மச்சாள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் இருபத்திரண்டு வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவர். அவருக்கு அப்படித்தான் உவமை வரும். ஒருவழியாகக் கழுத்துவரை இழுத்து முதுகுப்பக்க ஜிப்பை மூடியபோது மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. இளநீர்க்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே இடுப்பளவு தண்ணீரில் காற்றுச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவன் அவருடைய ஒரே மகன். தாயும் மகனும் ஒரு வார்த்தை பேசி மூன்று வருடமாகியிருந்தது.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் மாரடைப்பில் போன பிறகு கடையைத் தனியாளாக நிமிர்த்தியவர். நான் பக்கத்திலேயே மார்க்ஸ் டோர்மோயில் குடியிருந்துகொண்டு அவருடைய கடையில் காசாளராகப் பதினொரு வருடம் நின்றேன். அதனால் அந்த வீட்டுச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் நான்தான் முன்வரிசைப் பார்வையாளர். அண்ணன் மகன் எனக்கு மருமகன் முறை, நான் அவனுக்கு மாமி. அவன் நன்றாகப் படித்தான், பொறியியலாளன் ஆனான், ஒரு நல்ல கம்பனியில் வேலையும் எடுத்தான். ஒன்றரை வருடத்தில் அதை விட்டுவிட்டு, கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலைக்குப் படித்துவிட்டதாகவும், அதற்காகத் தீவுக்குப் போவதாகவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொன்னான். மச்சாள் கரண்டியைக் கீழே வைத்தார். "மீன் பாக்கிறதுக்கோ நானும் அப்பாவும் உன்னைப் படிப்பிச்சனாங்கள்? போ. இனி உனக்கும் எனக்கும் கதையில்லை." அவன் பிரெஞ்சில் ஏதேதோ கத்திவிட்டுப் படியிறங்கிப் போனான்.

எங்கள் ஆட்களின் கோபத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பேச்சை நிறுத்துவார்கள், செய்தியை நிறுத்த மாட்டார்கள். நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவன் என் தொலைபேசிக்கு எடுப்பான். மச்சாள் பருப்புச் சாக்குக்குப் பக்கத்தில் நின்று, காதை மட்டும் என் பக்கம் வைத்துக்கொண்டு, "குளிருக்கு நல்ல உடுப்பு வைச்சிருக்கிறானோ எண்டு கேள்" என்பார். அந்தத் தீவில் குளிரே கிடையாது என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "அதை நீ சொல்லாதை. அவனைக் கேள்." அவனும் சளைத்தவனில்லை. அம்மா பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறாவா என்று என்னிடம்தான் கேட்பான், அவர் என் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது கேட்டாலும். இரண்டு பேரும் பிடிவாதத்தில் ஒரே அச்சு.

மூன்றாவது வருடம் அவன் எங்கள் இருவருக்கும் விமானச் சீட்டு அனுப்பினான். மச்சாள் இரண்டு கிழமை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் கத்தரிக்காய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "போவம்" என்றார். "அந்தக் கடலுக்குள்ளை அப்பிடி என்னதான் கிடக்குதெண்டு நானும் இறங்கிப் பாக்கிறன். பாத்துப்போட்டு அவனைக் கையோடை கூட்டிக்கொண்டு வாறன்." பருத்தித்துறையில் பிறந்தவர்தான். ஆனால் கடலில் அவர் கணுக்காலுக்கு மேல் நனைத்ததை யாரும் கண்டதில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மச்சாள் ஒன்றைச் சொன்னால் அது நடந்து முடிந்த மாதிரி.

நாங்கள் போகிற செய்தி பரவியதும் தெருவில் கடை கடையாக ஒரே கேள்வி, யாருடைய வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்று. "அங்கை ஆற்றை வீடு?" எங்களுக்கு விடுமுறை என்றால் லண்டனில் ஒரு பெரியம்மா வீடு, கனடாவில் ஒரு சித்தப்பா வீடு. சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு எதற்குப் போவது என்பது யாருக்கும் விளங்கவில்லை. மகன் இருக்கிறான் என்று சொல்ல மச்சாளுக்கு வாய் வரவில்லை. பத்து நாள் விடுமுறை என்று ஓர் ஒற்றைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டினோம். ரூ காயில் ஒரு கடை அத்தனை நாள் பூட்டிக் கிடந்தால் அது சாவீடாகத்தான் இருக்கும் என்று நினைத்து, நாங்கள் ஓர்லி விமான நிலையத்தில் நிற்கும்போதே இரண்டு பேர் தொலைபேசியில் எடுத்துத் துக்கம் விசாரித்தார்கள்.

தீவு என்னவோ நிம்மதியான இடம்தான். அவசரப்படுகிற ஆளை அங்கே நான் காணவில்லை. மருமகனின் வேலையும் படகேறிப் போகிற வேலை இல்லை. கரையிலிருந்தே நடந்து இறங்கி, புல் முளைத்த மணலுக்கு மேலால் மெல்ல மெல்ல நீந்தி, பவளப் பாறைவரை போய்த் திரும்புவது. ஆனால் நாங்கள் தங்கிய மருமகன் வீட்டுக்குள் நிம்மதி இல்லை. மச்சாள் பெட்டி நிறைய யாழ்ப்பாணக் கறித்தூளும், பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல் மாவும் கொண்டுவந்திருந்தார். அங்கத்தைய மீனை வாங்கி நம்முடைய குழம்பு வைத்தார். மகன் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டான். அவர் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அகப்பையோடு நின்றுகொண்டு, "இன்னும் போடவோ எண்டு கேள்" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். அவன் போதும் என்று என்னிடம் சொன்னான். நான் அதை அவரிடம் சொன்னேன்.

ரப்பர் உடுப்பு மாட்டிய அந்த முதல் நாள் காலையும் அப்படித்தான் நடந்தது. உடுப்பு மாட்டுவதற்கு முன் கரையில் வைத்து, தண்ணீருக்குள் காட்டவேண்டிய கைச் சைகைகளை மருமகன் என்னிடம் பிரெஞ்சில் விளக்கினான். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் எல்லாம் சரி. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. உடனே காதையோ எதையோ தொட்டுக் காட்ட வேண்டும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். மச்சாள் தலையாட்டினார். இருவரும் தண்ணீருக்குள் மறைந்தார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. மேலே வருகிற குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மச்சாள் காதைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். முகம் நோவில் கோணிப் போயிருந்தது.

மருமகனை அவ்வளவு கோபமாக நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒவ்வொரு அரை மீற்றருக்கும் வளையம் காட்டிச் சரியா என்று கேட்டானாம். அம்மா ஒரு தடவைகூடப் பதில் காட்டவில்லையாம். கடன் கேட்கிறவனைக் கண்டால் கடையில் முகத்தைத் திருப்புவாரே, அதேபோல் வேறு பக்கம் பார்த்தாராம். காது நொந்துகொண்டே இருந்திருக்கிறது, சொல்லவில்லை. "பதில் காட்டாத ஆளை நான் கீழே கொண்டுபோக மாட்டேன். என் அம்மா என்றாலும் மாட்டேன். காது வெடித்துவிடும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் மச்சாளிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "அவனோடை எனக்குக் கதையில்லைத்தானே."

"கை காட்டுறது கதையோ மச்சாள்?"

"வேறை என்ன? அவன் கேக்கிறான், நான் பதில் சொல்லுறன். அது கதைதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செவிடானாலும் ஆவேன், சொன்ன சொல் மாற மாட்டேன் என்று ஒரு மனுஷி நிற்பாளா? "நான் தண்ணிக்குள்ளை வந்து உங்களுக்குத் தூது சொல்லேலாது. எனக்கு மூச்சு முட்டும்" என்று முதல் தடவையாக அவரிடம் கத்தினேன். பிறகு அவரை டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காதுக்குச் சேதமில்லை, நாலு நாள் பொறுத்துத் திரும்பப் பார்ப்போம் என்றார் அவர்.

அந்த நாலு நாளும் நானும் மச்சாளும் ஒரு வேலையும் செய்யவில்லை. வாசலில் கதிரை போட்டு இருந்தோம், மாம்பழம் சாப்பிட்டோம், மழை பெய்தால் உள்ளே போனோம், விட்டால் வெளியே வந்தோம். மருமகன் காலையில் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வருவான். மூன்றாம் நாள் மத்தியானம் நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மச்சாள் அரிசி களைந்துகொண்டு நின்றார். ஒரு கையால் அரிசியைக் கிளறிக்கொண்டு மற்றக் கையைச் சன்னலுக்கு நேரே பிடித்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துப் பார்த்தார். பிறகு கையை விரித்து ஆட்டிப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் டாக்குத்தர் காதைத் திரும்பப் பார்த்துச் சரி என்றார். அடுத்த நாள் காலையில் மச்சாள் அந்த ரப்பர் உடுப்பைத் தானே எடுத்துவந்தார். "நான் பதில் காட்டுவன் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். அதுதான் நான் கொண்டுபோன கடைசித் தூது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த முறை இருபத்தைந்து நிமிடம். கீழே நடந்ததைப் பிறகு மச்சாள்தான் எனக்குச் சொன்னார். இரண்டு மீற்றரில் காது நொந்திருக்கிறது. கையை ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். மகன் உடனே நின்று, அவரைச் சற்று மேலே தூக்கி, கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தான். மூக்கைப் பிடித்து ஊதினார், காது விட்டது, வளையம் காட்டினார், இறங்கினார்கள். மறுபடி நோவு, மறுபடி நின்றான். இப்படி ஏழெட்டுத் தடவை. கீழே ஒரு பெரிய ஆமை புல் மேய்ந்துகொண்டிருந்ததாம். அதைக் கிட்டப் போய்ப் பார்க்க விடாமல், அவருடைய கையைப் பிடித்தபடி தள்ளியே நின்றானாம், அது தின்று முடித்துத் தானாகக் கிளம்பும்வரை. "பிள்ளை, இவன் ஒரு இடத்திலை ரெண்டு நிமிசம் இருக்காத பெடியன். எங்கடை கடையிலை அரை நாள் நிண்டது கிடையாது. அங்கை அவன் நிண்ட நிலை, உன்ரை அண்ணை நிக்கிற மாதிரி." அண்ணன் அப்படித்தான். கண் தெரியாத கிழவிகள் முருங்கைக்காயை ஒவ்வொன்றாகத் தடவித் தெரிவு செய்யும்போது, பின்னால் வரிசை நீண்டாலும், கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். மகனிடம் அது இருக்கிறதென்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர்கள் கரைக்கு வந்தபோது நான் கணுக்காலளவு தண்ணீரில் நின்றேன். மச்சாள் அலை வந்து போகிற இடத்தில் அப்படியே இருந்துவிட்டார். மருமகன் குனிந்து அவருடைய காலிலிருந்து ரப்பர் நீச்சல் துடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். வழக்கம்போல் என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"தம்பி" என்றார்.

அவன் ஒரு துடுப்போடு அப்படியே நின்றான்.

"நீ இஞ்சையே இரு. கடைக்கு வரவேண்டாம். உனக்கு இதுதான் சரி."

கையோடு கூட்டிக்கொண்டு போக வந்தவர் சொன்ன சொல் அது. அவன் வாயைத் திறந்தான், பிரெஞ்சு வரவில்லை. எங்கேயோ தேடி எடுத்த மாதிரித் தமிழில் கேட்டான்.

"அம்மா, காது நோகுதோ?"

"நோகுதுதான். அதுக்கு இப்ப என்ன?"

அவன் அழுதான். நானும் அழுதேன். மச்சாளின் முகத்தில் வழிந்தது கடல் தண்ணீரா என்று நான் பார்க்கப் போகவில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. நான் இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டும் கடைக்குப் போய் உதவுகிறேன். செவ்வாய்க்கிழமைத் தொலைபேசி நேரே மச்சாளுக்கே வருகிறது. அவர் தமிழிலும் அவன் பிரெஞ்சிலும் சண்டை பிடிக்கிறார்கள், வாடிக்கையாளர்கள் நின்று கேட்கிறார்கள். அந்தத் தூது வேலை போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்? மச்சாளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அரிசிச் சாக்கை இப்போது நான் பிடித்துத் தூக்குகிறேன். மகன் வந்து கடையை எடுத்திருந்தால் இந்த வயதில் அவர் கதிரையில் இருந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியும். ஒரு நாளாவது அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லை.

போன சனிக்கிழமை, புறநகரிலிருந்து றெயில் பிடித்து 'கார் து நோர்' நிலையத்தில் இறங்கிச் சாமான் வாங்க வருகிற ஒரு பழைய வாடிக்கையாளர், கடை நிறைய ஆட்கள் நிற்க, வருடக்கணக்காக எல்லாரும் கேட்கிற அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார். "அக்கா, மகன் எப்ப வாறார்?"

முன்பென்றால் தராசைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். இந்த முறை மச்சாள் குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

"அவன் வரமாட்டான். நான்தான் போவன்."