சேற்றில் மிதித்த வலை

கோடைக் காலத்து அடையாற்றுச் சேற்றில் காலை வைத்தால் மேலே சுடும். கணுக்கால்வரை இறங்கியதும் சில்லென்றிருக்கும். கடல் உள்வாங்கும் நேரங்களில் ஆறும் வற்றி, பின்னாளில் உடைந்துபோன பாலத்தின் தூண்களைச் சுற்றி, யார் யாரோ தொலைத்த தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் வலைத்துண்டும் வெளியே தெரியும். கண்டெடுத்தவர் அதைக் கரையில் நட்டிருந்த கம்பத்தில் தொங்கவிட வேண்டும், தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்வார் என்பது அங்கே வழக்கம்.

நாங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்தோம். அப்பா பள்ளி ஆசிரியர். என் வகுப்புத் தோழன் தாஸ் ஆற்றோரக் குப்பத்துப் பையன். அவன் "நைனா" என்று கூப்பிடும் அப்பா வலை வீசிப் பிழைத்தவர். ஒருநாள் நான் கெஞ்சியதால், நைனாவுக்குத் தெரியாமல் அவருடைய வீச்சுவலையை எடுத்து வந்தான். "பாலத்தாண்ட வீசாத, கம்பி கீது" என்று அவன் சொல்லியும் கேளாமல், மீன் அங்கேதான் இருக்கும் என்று நான் வீசினேன். வலை தூணில் மாட்டியது. பயத்தில் கயிற்றையும் விட்டுவிட்டேன்.

மாலையில் நைனா தாஸை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "வாத்தியாரே, உங்க புள்ளதான் வலைய தொலைச்சிச்சின்றான். இன்னான்னு கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆற்றுப் பக்கமே போகவில்லை என்றேன். தாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாத்தியார் ஊட்டுப் புள்ள பொய் சொல்லுமா? எவன்கிட்டடா வித்த, திருட்டு நாயே!" என்று நைனா அவனை அங்கேயே அறைந்தார்.

சில நாள் கழித்து ஆறு வற்றியபோது தனியாகப் போய்ப் பார்த்தேன். தூணின் அடியில், கம்பியில் சிக்கியபடி அந்த வலை கிடந்தது. எடுத்துக் கம்பத்தில் மாட்டியிருந்தால் போதும், தாஸ் விற்கவில்லை என்று குப்பம் முழுக்கத் தெரிந்திருக்கும். ஆனால் வலை பாலத்தடிக்கு எப்படிப் போனது என்று கேட்டு மறுபடியும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள் என்று தோன்றியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஈயக்குண்டு ஒன்றுகூடத் தெரியாதபடி காலால் மிதித்து மிதித்துச் சேற்றுக்குள் அமுக்கினேன். பள்ளி திறந்தபோது தாஸ் வரவில்லை. "திருடனுக்கு எதுக்குப் படிப்பு" என்று நைனா அவனைக் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

இப்போது எனக்கு எழுபது கடந்துவிட்டது. பாலத்தடியில் யாரும் வலை வீசுவதில்லை. கறுத்துப்போன நீரில் வீசுவதற்கு ஒன்றும் இல்லை. நைனா, மகனைத் திருடன் என்று நம்பியபடியே இறந்துபோனார். சென்ற மாதம் தாஸின் பேத்தி திருமணத்தில், பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வலையை மிதித்ததைச் சொன்னேன்.

அவன் சிரித்தான். "தெரியும் மச்சி. அன்னிக்கி பாலத்து மேலதான் நின்னுக்கினு இருந்தேன். நீ எடுத்துக்கினு போய் நைனாகிட்ட குடுப்பேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"நீயே எடுத்திருக்கலாமே?"

"நான் எடுத்துக்கினு போனா, இம்மாம் நாளா எங்கடா ஒளிச்சி வெச்சிருந்தேன்னு இன்னும் ரெண்டு போட்டிருப்பாரு. உடு, பிரியாணி ஆறுது, துன்னு."

பரிமாறியவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னான். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.