குன்வோர் சித்தியின் ஏற்றம்

குன்வோர் சித்தி ஏற்றத்தில் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்துக் கொடுப்பது அவள் வேலை. அதையும் அதே நிதானத்தில்தான் செய்வாள். எங்கள் ஊர் ஸ்டோர்லியா பனிமலை ஏற்றத்தில், காலில் ஸ்கீ கட்டைகளைப் பூட்டிய மற்றவர்கள் அடிவாரத்திலேயே பாய்ந்துவிட்டு, பாதி வழியில் பிர்ச் மர வளைவில் இரைக்க இரைக்க நிற்பார்கள். சித்தி சின்னச் சின்ன எட்டாக, ஒவ்வொரு ஸ்கீயின் மேலும் முழு எடையை ஊன்றி, செங்குத்தான இடத்தில் மட்டும் ஸ்கீ நுனிகளை மீன்முள் போல விரித்து வைத்து ஏறுவாள். நிற்க மாட்டாள். வாயும் ஓயாது.

"பேச முடியுற வேகந்தான் ஏத்தத்துக்கு வேகம்."

"நத்தை உன்னை முந்திடும்டி," என்பார் அவள் கணவர் ஸ்டெய்னார்.

"முந்தட்டும். வளைவுல படுத்துக் கிடக்கும், தாண்டிப் போறேன்."

போன ஈஸ்டருக்கு முந்தைய வாரம், மலைக்குடிலின் கூரைப் பனியைத் தள்ள ஸ்டெய்னார் தனியே போயிருந்தார். அங்கிருந்து அவசர உதவிக்கும் சித்திக்கும் போன் செய்தார். நெஞ்சு வலி. மூடுபனியில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. சித்தி கிளம்பினாள், தன் வழக்கமான வேகத்தில். போய்ச் சேர ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. அவள் கிளம்பி நாற்பத்தாறு நிமிடம் வரைதான் உதவி மையத்துப் பெண் போனில் அவர் மூச்சைக் கேட்டிருக்கிறாள். மேசையில் பாதி உரித்த ஆரஞ்சு கிடந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். உடற்பயிற்சி அறிவியல் படித்தேன்.

"ஐவின், நீ படிச்சவன். ஓடியிருந்தா போய்ச் சேர்ந்திருப்பேனா?"

"வளைவுலயே விழுந்திருப்பே சித்தி."

கணக்குப் போட்டுச் சொன்னேனா, தேற்றுவதற்காகச் சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஈஸ்டரில் அவள் நேரம் கணக்கிடத் தன் கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு, அடிவாரத்திலேயே பாய்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவில் வாந்தி எடுத்தாள்; வாயைத் துடைத்துக்கொண்டே ஏறினாள். கூடப் போன நான் பின்தங்கிவிட்டேன்.

குடிலை அடைந்தபோது வாசற்படியில் சாய்ந்து கிடந்தாள். கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினாள். நாற்பத்து நான்கு நிமிடம்.

படித்ததில் எதையாவது தேடினேன். "இப்படி வந்திருந்தா உன்னால வாயே திறந்திருக்க முடியாது சித்தி. என்ன செஞ்சிருப்பே?"

மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.

"பேசுறது எதுக்குடா," என்றாள். "கையைப் பிடிச்சிருப்பேன்."