செவ்வாய்க்கிழமை வரும் தாடை

பதினோராயிரத்துச் சொச்சம். இருபத்திரண்டு ஆண்டுகளில் பல்லக்கா பார்த்த வாய்களின் எண்ணிக்கை அது. முகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பல் செய்யும் தொழிலில் அதுதான் நடைமுறை. டாக்டர் அளவு எடுத்து அனுப்புவார், இவர் செய்து திருப்பி அனுப்புவார். வாய்க்குச் சொந்தக்காரர் எங்கோ சிரித்துக்கொண்டிருப்பார்.

முன்பெல்லாம் அளவு வெள்ளை அச்சாக டப்பாவில் வரும். இப்போது கிளினிக்கில் வாய்க்குள் ஒரு சின்ன கேமராவை விட்டுச் சுற்றினால் தாடை ஃபைலாக வந்து விழுகிறது. பல்லக்கா திரையில் பல்லை வடிவமைக்க, அடுத்த அறையில் மெஷின் அதைக் கடைந்து தரும். ஒரே மெஷினோடு தொடங்கிய பட்டறையில் இப்போது நான்கு மெஷின், ஏழு ஆட்கள், புதிதாக வாடகைக்கு எடுத்த மேல்மாடி. இத்தனையையும் இணைத்துக்கொண்டிருந்தது ஒன்பது ஆண்டுக்கு முன் வாங்கிய ஒரு வைஃபை பெட்டி. பல் பாதி கடைந்திருக்கும்போது இணைப்பு அறுந்து மெஷின் நின்றுவிடும். அந்தப் பாதிப் பல் குப்பைக்குத்தான்.

இந்த நிலையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் பல் வேலை முழுவதையும் தருவதாகச் சொன்னது. ஒரு நிபந்தனை. ஃபைல்கள் கேபிளில் மட்டுமே ஓட வேண்டும். பட்டறைக்குள் வைஃபை பெட்டி இருக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை ஆள் வந்து பார்ப்பார். வேலை கைநழுவினால் மேல்மாடியைக் காலி செய்து இரண்டு பேரை நிறுத்த வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை நெட்வொர்க்காரர் வந்தார். ஏணி, கேபிள் சுருள், ஓயாத பேச்சு.

“இதை வெச்சா நாலு மெஷின் ஓட்டுறீங்க? உங்க தைரியத்துக்கு ஒரு கும்பிடுக்கா. பாஸ்வேர்டு எப்ப மாத்தினீங்க?”

“எதுக்கு மாத்தணும்? எல்லாருக்கும் மனப்பாடமா தெரியுமே.”

“எல்லாருக்கும்னா?”

“நம்ம ஆளுங்க. அப்புறம் பக்கத்துக் கட்டிடத்து டாக்டர். அவர் அங்கேருந்தே நேரா நம்ம ஃபோல்டர்ல போட்டுடுவார். இப்ப இல்ல. கிளினிக்கை மூடிட்டு வெளிநாடு போய் நாலு வருஷமாச்சு.”

நெட்வொர்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஃபோல்டரைத் திறந்து, தேவையற்றதை அழிக்கத் தொடங்கினார்.

“அந்த ஆறை மட்டும் விட்டுடுங்க” என்றார் பல்லக்கா.

அந்த ஆறு ஃபைல்களுக்கும் பெயர் இல்லை, எண் இல்லை. வாரம் ஒன்றாக, செவ்வாய்தோறும் மதியம் மூன்று மணிக்கு வந்தவை. எல்லாம் ஒரே கீழ்த்தாடை. முதல் வாரம் பதினான்கு பற்கள். அடுத்த வாரம் பதின்மூன்று. போன வாரம் ஒன்பது.

“ஏதோ பழைய ஃபைல் கெட்டுப்போய்ச் சுத்திச் சுத்தி வருதுக்கா.”

பல்லக்கா ஆறையும் திரையில் வரிசையாக வைத்தார். “கிட்ட வந்து பாருங்க. இது கடைசியா பிடுங்கின குழி, ஆழமா இருக்கு. அதுக்கு முந்தினதுல ஓரத்துல சதை ஏறியிருக்கு. அதுக்கும் முந்தினது பாதி மூடியாச்சு. செத்தவங்க வாயில குழி மூடாது, தம்பி.”

ஏணியில் சாய்ந்து நின்றவர் திரைக்குக் கிட்டே வந்து குழிகளை எண்ணினார்.

இடது கடைவாய்ப் பல்லின் மேல் ஓர் உறை இருந்தது. அதன் நாக்குப் பக்கம் மெல்லிய கோடு. உறை செய்யும்போது அப்படி ஒரு கோடு இழுப்பது பல்லக்காவின் கைப்பழக்கம். பழைய நோட்டைப் புரட்டியதில், பக்கத்துக் கட்டிடத்து டாக்டருக்காக ஆறு ஆண்டுக்கு முன் செய்தது என்று தெரிந்தது. நோட்டில் நோயாளி எண் மட்டும்தான்; பெயர் கேட்க டாக்டரின் பழைய போன் எண்ணும் இப்போது இல்லை. போன வாரமே பல்லக்கா போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் வந்துவிட்டார். “பேர் இல்ல, முகம் இல்ல. இந்தப் பல்லை வெச்சுத் தேடணும்னா, ஊரையே நிக்க வெச்சு ஈன்னு இளிக்கச் சொல்லணும்மா” என்று அங்கிருந்தவர் சிரித்தார்.

பாஸ்வேர்டும் தெரிந்து, பெட்டியின் அலையும் எட்டும் வெளியிடம் அந்த மூடிய கிளினிக் ஒன்றுதான் என்று நெட்வொர்க்காரர் கணக்குப் போட்டார். கட்டிடக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் மூன்றாம் மாடி ஏறினார்கள். மணி இரண்டு ஐம்பது.

அறையில் ஒன்றுமில்லை. நோயாளி நாற்காலியைத் திருகி வைத்திருந்த இடத்தில் தரையில் நான்கு துளைகள். சுவரில் வெட்டி மடக்கிய வயர்கள். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. தரை முழுக்கத் தூசி. அதில் அவர்கள் இருவரின் காலடி மட்டும்.

“பார்த்தீங்களா, காத்துகூட வர்றதில்ல” என்றார் நெட்வொர்க்காரர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

சரியாக மூன்று மணிக்குப் பல்லக்காவின் போன் அடித்தது. பட்டறையிலிருந்து நாத்தனார்.

“அண்ணி, வந்துடுச்சு.”

“எத்தனை?”

“எட்டு.”

நெட்வொர்க்காரர் அதற்குள் படிக்கட்டில் இருந்தார்.

சாயங்காலம் நாத்தனார் பிடித்துக்கொண்டார். பல்லுக்கு நிறம் ஏற்றுவது அவர் வேலை. கையில் தூரிகை இருந்தால் பேச்சும் கூர்மையாகும். “நாம பல்லு செய்றவங்க அண்ணி, துப்பறியறவங்க இல்ல. பெட்டியைக் கழட்டிப் போடுங்க. ஏழு வீட்ல அடுப்பு எரியணும்.”

“கழட்டிட்டா, எட்டு ஏழாகறதை யாரு பார்க்கிறது?”

“பார்த்து இதுவரைக்கும் என்னத்தைப் பண்ணிட்டீங்க?”

மறுநாள் பல்லக்கா கேபிள் இழுக்கச் சொன்னார். நான்கு மெஷின், மூன்று கம்ப்யூட்டர், மேல்மாடி வரை எல்லாமே வயர். வேலை முடிந்ததும், கழற்றிய பெட்டியையும் அதே ஃபோல்டரை ஏற்றிய ஒரு பழைய லேப்டாப்பையும் துணியில் சுற்றினார். பெட்டியின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றவில்லை; அனுப்புகிறவர் தேடினால் கிடைக்க வேண்டுமே.

“இதை அந்த ரூம்ல வெச்சுத் தர்றீங்களா, தம்பி?”

“கேபிள் எங்க வேணும்னாலும் இழுக்கிறேன்க்கா. அங்க மட்டும் கூப்பிடாதீங்க.”

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ஆள் வந்தார். மாடி மாடியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மெஷின்கள் அன்று ஒருமுறைகூட நிற்கவில்லை.

கட்டிடக்காரர் காலி அறையை ஒரு மாதத்துக்குத் தந்திருக்கிறார்; கரண்டுக்குக் கீழ்வீட்டிலிருந்து வயர். செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்குப் பல்லக்கா பெட்டியோடு மூன்றாம் மாடி ஏறுகிறார். திட்டிக்கொண்டே நாத்தனாரும் கூடப் போகிறார்.