பொங்கலுக்குக் காலியாகும் தெரு

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "நீங்க எந்த ஊரு?" நெய்வேலிதான் என்றால் சிரிப்பார்கள். "அது சரிங்க, சொந்த ஊரு?" எனக்குக் கோபம் வரும். இந்த மண்ணில் பிறந்தவன் இந்த மண்ணைச் சொன்னால் நம்ப ஆள் கிடையாது.

சொந்த ஊரைக் காட்டு என்றால் நான் சுரங்கத்தைத்தான் காட்ட வேண்டும். முதலில் அது முந்திரியும் கேழ்வரகும் விளைந்த சமவெளி. பிறகு பள்ளம். நிலக்கரியை எடுத்த பின் மண்ணைத் திருப்பிக் கொட்டினார்கள், மேடாகிவிட்டது. இப்போது அதில் மரம் வளர்கிறது. குன்று என்று பிள்ளைகளுக்குக் காட்ட இந்தப் பக்கம் இருப்பது அது ஒன்றுதான். அதற்கடியில் எங்கேயோ எங்கள் தெரு. என் மனைவி என் அத்தை மகள், அவள் வீடும் அதே தெருதான். ஆகவே அவளுக்குப் போய்வர அம்மா வீடும் இல்லை, மாமியார் வீடும் இல்லை. சுரங்கத்துக்கு எடுத்த நிலத்துக்குப் பணம் கொடுத்தார்கள், எனக்கு வேலை கொடுத்தார்கள், கன்வேயர் பெல்ட்டில் ஷிப்ட் பார்த்தே தலை நரைத்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஊர் போனது போனதுதான்.

டவுன்ஷிப் என்பது நேர் நேரான சாலைகள், எண் போட்ட பிளாக்குகள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ். எங்கள் தெருவில் எதிர்வீடு திருநெல்வேலி, பக்கத்து வீடு சேலம், அதற்கடுத்தது ராமநாதபுரம். முனையில் பண்ருட்டியிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். பொங்கல் வந்தால் தெரு காலியாகிவிடும். அவரவர் மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போவார்கள். வீட்டுச் சாவியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். முனை வீட்டார் போவது ரம்ஜானுக்கு, அப்போதும் சாவி எங்களிடம்தான். போக ஊர் இல்லாதவர்கள் நாங்கள்தானே.

என் மனைவி அந்தச் சாவிகளை ஒரே கயிற்றில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். பொழுது சாய்ந்தால் வீடு வீடாகப் போய் வாசல் விளக்குப் போடுவாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

"நீ என்ன இந்தத் தெருவுக்கு வாட்ச்மேனா?" என்று கத்துவேன்.

"இருந்துட்டுப் போறேன். உங்களுக்கு இன்னா வந்துச்சு? செடி காயுதேன்னு ஊத்திகினு இருக்கேன்" என்பாள்.

போன வருடம் ரிட்டயர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, காடாம்புலியூர் பக்கம் மனை வாங்கிக் கட்டின வீட்டுக்குப் போனோம். சுற்றிலும் முந்திரித் தோப்பு, நல்ல தண்ணீர். எனக்குக் குறை இல்லை. அவளுக்குத்தான் ஒட்டவில்லை.

"வூடு நல்லாத்தான் இருக்குது. ஆனா யாரும் நம்ப கையில ஒரு சாவி குடுக்க மாட்டேங்கறாங்களே" என்றாள்.

மார்கழியில், புதுப் பானை வாங்கட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க. இங்க யாருக்குப் பொங்கி யாருக்குக் குடுக்கறது?" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். சுரங்கத்துக்காக எங்கள் பழைய தெருவை இடித்த வருடம்கூட, கொட்டகையில் கல் கூட்டிப் பொங்கல் வைத்தவள் அவள்.

போகிக்கு முன்னால் எதிர்வீட்டுத் திருநெல்வேலிக்காரம்மா பஸ் பிடித்து வந்தாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து வைத்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, ரிட்டயர் ஆனப்புறமும் எங்களுக்கு ட்யூட்டி போடுறியா? பூட்டுக்குக் காவல் இருக்க வேற ஆளே இல்லியா?"

"அண்ணாச்சி, ஒங்க வாய் மட்டும் ரிட்டயர் ஆவல பாத்தியளா! காவலுக்கு யாரு கூப்பிட்டா? நாங்க எங்க ஊருக்குப் போறோம். நீங்க ஒங்க ஊருக்கு வர வேண்டாமா? வீடு சும்மாத்தான கெடக்கு. அரிசி இருக்கு, கேஸ் இருக்கு. மதினியக் கூட்டிட்டு வந்து பொங்கல் வைங்க."

என் மனைவி சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"கேஸெல்லாம் வேணாம். வாசல்ல கல்லு வெச்சுதான் பொங்குவேன்" என்றாள் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் இன்னா உக்காந்துகினு? போய் பானை வாங்கியாங்க" என்றாள்.

பொங்கலன்று விடியற்காலையில் அந்தத் தெருவில் பூட்டுகள்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் பழைய வீட்டில் இப்போது இருக்கிற சின்னஞ்சிறுசுகளும் தர்மபுரிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வைத்த பலாவில் பிஞ்சு விட்டிருந்தது. இவள் பூட்டிக் கிடந்த ஒவ்வொரு வாசலையும் பெருக்கிக் கோலம் போட்டாள். முணுமுணுத்துக்கொண்டே கோலமாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பால் பொங்கியபோது இவள் ஒருத்தி குரல்தான் தெரு முழுக்கக் கேட்டது. முனை வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து கூடச் சேர்ந்து கத்தின. முதல் கிண்ணம் அவர்கள் வீட்டுக்குத்தான் போனது.

காணும் பொங்கல் முடிந்து தெரு திரும்பி வந்தது. இவள் வாசலில் நின்று ஒவ்வொருவரையும், "வாங்க வாங்க, பஸ்ல கூட்டமா?" என்று கேட்டு உள்ளே அனுப்பினாள். திருநெல்வேலிக்காரம்மா கருப்பட்டியைக் கொடுத்தாள். சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. "எங்ககிட்ட இன்னொண்ணு இருக்கு மதினி" என்றாள்.

மறுநாள் காடாம்புலியூர் வீட்டைத் திறக்கும்போது பக்கத்துத் தோப்புக்காரம்மா வேலியோரம் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, பொங்கலும் அதுவுமா வூடு பூட்டிக் கெடந்துச்சு? எங்க போய்ட்டீங்க?"

"ஊருக்குப் போயிருந்தோம்."

"எந்த ஊரு?"

அந்தக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். இவள் என்னை முந்திக்கொண்டாள்.

"நெய்வேலி. அடுத்த வாட்டி போறப்ப சாவிய உங்க கையில குடுத்துட்டுப் போறேன். செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."