பிடியரிசிப் பேணி

நாடு முழுக்க மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வருஷம் அது. கொக்குவிலில் எங்கள் சபையின் மாதர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கஷ்டப்படுகிற வீடுகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, முன்னர் இருந்த பிடியரிசி வழக்கத்தைத் திரும்பத் தொடங்குவோம் என்றேன். சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் முதல் பிடியை ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைக் கொண்டுவந்து முன்னால் இருக்கிற சாக்கில் கொட்ட வேண்டும். சேர்கிற அரிசி, நாங்கள் பட்டியல் போட்ட ஒன்பது வீடுகளுக்குப் போகும்.

கொடுக்கிற பழக்கம் சபைக்குள் வர வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். சும்மா சொல்லக்கூடாது, வந்தது. ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சாக்குக்குப் பக்கத்தில் நின்று, யாருடைய பேணி நிறைந்திருக்கிறது, யாருடையது குறைந்திருக்கிறது என்று பார்த்துப் பகிடி விடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சபையில் தனியாக வாழ்ந்த ஒரு அக்கா இருந்தார். அறுபது தாண்டியவர், கணவர் இல்லை, வீட்டில் தையல் மெஷின் வைத்துச் சட்டை தைப்பவர். ஒரே மகன் பிரான்சில். மகன் வெளிநாட்டில் என்றால் எங்கள் பக்கம் அதற்கு மேல் யாரும் எதுவும் விசாரிக்க மாட்டார்கள். அந்த ஒன்பது வீடுகளை எழுதும்போது அவருடைய பெயர் எனக்கு நினைவுக்குக்கூட வரவில்லை.

ஒரு ஞாயிறு அவருடைய பேணியின் அடியில் மட்டும் கொஞ்சம் அரிசி கிடந்தது.

"என்னக்கா, கிழமை முழுக்க வீட்டிலை இடியப்பமோ? பிரான்ஸ் காசு வந்தால் சோறு பிடிக்காது போலை!" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

சபையே சிரித்தது. அவரும் சிரித்தார். "அடுத்த கிழமை கொண்டுவாறன் பிள்ளை" என்றார்.

அடுத்த கிழமை பேணி விளிம்பு வரை இருந்தது. அதற்கு அடுத்த கிழமையும் அப்படித்தான். இரண்டு மாதம், ஒரு ஞாயிறுகூடக் குறையவில்லை. நான் போதகரிடம் பெருமையாகச் சொல்ல, அவர் அக்காவை எழுப்பி நிற்க வைத்து, கொடுப்பதென்றால் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று சபைக்குக் காட்டினார். அன்றைக்கு அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தாழ்மை என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மாதர் சங்கக் கூட்டத்தில் பாட்டுக்கு எழுந்த அக்கா அப்படியே பின்னால் இருந்த வாங்கில் சரிந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாற்று உடுப்பு எடுக்க அவருடைய வீட்டுக்கு நான் போனேன்.

தையல் மெஷின் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. குசினிக்குள் அடுப்பு எரிந்து எத்தனை நாளோ தெரியாது. கொஞ்சத் தேயிலை, காய்ந்த பாண் துண்டு ஒன்று. சட்டி பானை எல்லாம் திறந்து பார்த்தேன், சமைக்க என்று ஒரு மணி அரிசி இல்லை. ஜன்னலோரம் பிடியரிசிப் பேணி மட்டும் அரைவாசி நிறைந்து, மூடி போட்டபடி இருந்தது. ஐயோ கடவுளே என்று அந்த நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

பின்னேரம் வார்டில் அவரே சொன்னார். மகனுக்கு விசாவும் இல்லை, வேலையும் இல்லை, காசு வந்து ஒன்றரை வருஷம். மெஷினை விற்ற காசில்தான் பேணிக்கு அரிசி வாங்கியிருக்கிறார்.

"ஏனக்கா ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"குடுக்கிற ஆள் எண்டு எல்லாருக்கும் முன்னாலை எழுப்பி விட்டிட்டீங்கள். பிறகு எப்பிடிப் பிள்ளை கை நீட்டுறது?"

குரலில் கோபமே இல்லை. கோபித்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு, "இந்தக் கிழமை பேணி நிரம்பேல்லை. குறை நினையாதேங்கோ" என்றார்.

நான் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று தாதி வந்து சொன்னதும், "நாளைக்கு வாறன் அக்கா, ஆறுதலாக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியற்காலையில் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது.

செத்தவீட்டைச் சபைதான் எடுத்துச் செய்தது. பெட்டிக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், வந்த சனத்துக்குச் சாப்பாட்டுக்கு இன்னும் நாலு பேர் என்று போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். எல்லாரும் நல்ல சனம்தான். நான் அந்தப் பந்தலுக்குள் நிற்க முடியாமல் வெளியே ஒழுங்கையில் போய் நின்று அழுதேன்.

பதவியை அந்த மாதமே விட்டுவிட்டேன். கொடுக்கப் பழக்கினேனே தவிர, வீட்டில் அரிசி இல்லை என்று ஒருத்தி வெட்கப்படாமல் சொல்லக்கூடிய சபையாக அதை வைத்திருக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்த ஒரே ஆளிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்த பாரத்தை, இத்தனை ஜெபத்துக்குப் பிறகும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.